சீம்பால் கொடுக்காத வருஷம்

அந்தத் தெருவில் எல்லோரும் அவரை அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அத்தை வீட்டில் யாரும் எதையும் கேட்டு வாங்கியதாக எனக்கு நினைவில்லை. கேட்பதற்கு அவர் விட்டால்தானே.

நான் அப்போது சங்கராபுரம் பக்கம், மலைக்குப் போகிற ரோட்டில் இருந்த ஒரு கால்நடை மருந்தகத்தில் டாக்டராக இருந்தேன். மாடு, ஆடு, கோழி எல்லாம் எனக்குச் சரிப்பட்டு வரும். மாட்டுக்காரர்களின் உபசாரம்தான் ஆகாது. வேலையைப் பார்த்தோமா, கையைக் கழுவினோமா, வண்டியை எடுத்தோமா என்று இருக்க வேண்டும். மற்ற வீடுகளில் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு தப்பித்துவிடுவேன். அத்தையிடம் அது பலிக்காது. நான் வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போதே மோர் டம்ளரோடு வந்து நிற்பார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் டம்ளர் கைக்கு வந்திருக்கும்.

"நான் கேக்கவே இல்லியே அத்தே."

"கேட்டாத்தான் தரணுமா? வெயில்ல வந்துகினு இருக்கீங்க, மொகத்த பாத்தா தெரியல?"

சொல்லும்போது சிரிக்கக்கூட மாட்டார். ஒல்லியாக, நெடுநெடுவென்று, சண்டைக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் எதையும் கொடுப்பார். எதிர் வீட்டில் ஸ்டெல்லா என்றொரு பெண் இருந்தாள். கட்டட வேலைக்குப் போகிறவரின் மனைவி, இரண்டு ஆடு வைத்திருந்தாள். தன் வீட்டில் உப்பு தீர்ந்தது தனக்குத் தெரிவதற்கு முன்னால் அத்தைக்குத் தெரிந்துவிடும் என்று அவள் சொல்வாள். தூறல் விழுவதற்கு முன்பே தெருவில் போகிறவர் கையில் அத்தையின் குடை இருக்கும். அந்தக் குடை எத்தனை கை மாறித் திரும்பி வந்ததோ, அதில் ஒரு கம்பிகூட நேராக இல்லை.

அவருக்கு ஒரே மகன். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஒருநாள் நான் கன்றுக்குப் பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார் அத்தை.

"யம்மா, பைக் சாவியக் காணோம்."

"பையில சின்ன ஜிப்பு இருக்குது பாரு, அதுல பாரு. போன வாட்டி இங்க வந்தப்ப அதுலதான் போட்ட."

சாவி அதில்தான் இருந்தது. ஓசூரில் தொலைந்த சாவியைக் கல்வராயன் மலை அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு எடுத்துக் கொடுக்கிற தாயை நான் அன்றுதான் பார்த்தேன்.

எதையும் வாங்கிக்கொள்ளவும் மாட்டார். ஆரஞ்சு வாங்கிப் போனால் நான் இருக்கும்போதே அது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் வாயில் இருக்கும். கறக்கிற பால் சொசைட்டிக்குப் போகும், மிச்சம் தெருவுக்குப் போகும். அவர் குடிப்பது வரக்காப்பி. அதை அப்போது நான் கவனித்ததோடு சரி, வேறொன்றும் நினைக்கவில்லை.

அவரிடம் இருந்தது ஒரே மாடு. செவலை நிறத்தில் ஜெர்சி கலப்பு, நல்ல கறவை. கணவர் போன பிறகு அந்த மாட்டை வைத்துத்தான் அத்தை தன் சோற்றைத் தானே தின்றுகொண்டிருந்தார். அது மூன்றாவது கன்று போட்ட மறுநாள் காலையில் ஸ்டெல்லா போன் செய்தாள்.

"டாக்டரம்மா, அத்த மாடு வுழுந்துடுச்சி. எழுந்துக்கமாட்டுது. அத்த பேச்சு மூச்சு இல்லாம நின்னுகினு இருக்குது, சீக்கிரம் வாங்க."

நான் போனபோது தெருவே கொட்டகையில் நின்றது. மாடு கழுத்தைத் திருப்பி விலாவின் மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது, மூக்கு காய்ந்திருந்தது. கண் பட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் மூங்கில் குழாயில் எண்ணெயை நிரப்பிக்கொண்டு, வாயில் ஊற்றத் தயாராக நின்றார். எனக்கு வந்ததே கோபம். இந்த நிலையில் மாட்டுக்கு முழுங்கத் தெம்பு இருக்காது. ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். நான் போட்ட சத்தத்தில் குழாயோடு அவர் ரோட்டுக்கே போய்விட்டார்.

பால் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். பெயர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துபோகும். ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடுவதால் வருவது. கால்சியம் பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, கழுத்து நரம்பில் ஊசியைப் போட்டு, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு மெதுவாக இறக்கினேன். அத்தையால் அந்த மெதுவைப் பார்க்க முடியவில்லை.

"இன்னாத்துக்கு டாக்டரம்மா இம்மாம் மெதுவா வுடறீங்க? சீக்கிரம் குடுங்க. பாவம் அது."

"வேகமா விட்டா இதயம் நின்னுடும்."

"நல்லது குடுத்தாகூடவா?"

"நல்லதுதான். ஆனா மெதுவாத்தான் போகணும்."

பாட்டில் முடியப் போகும்போது மாட்டின் தோல் நடுங்கியது. ஏப்பம் விட்டது. சாணி போட்டது. பிறகு பின்னங்காலை ஊன்றித் தள்ளாடி எழுந்து நின்றது. ஒரு மாடு சாணி போட்டதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அத்தை எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்.

மறுநாள் மாடு மறுபடியும் விழுந்தது. சில மாடுகளுக்கு அப்படி ஆகும். நான் போனபோது மகனும் காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். கெட்ட பிள்ளை இல்லை. அம்மா தனியாக மாட்டோடு அல்லாடுவதைப் பார்த்து அவருக்குப் பயம்.

"இதோ பாரும்மா, இந்த வாட்டி சரி. இனிமே ஒரு தடவ மாடு வுழுந்துதுன்னா வித்துட்டு, வூட்ட பூட்டிட்டு எங்கூட வந்துடணும். டாக்டரம்மா முன்னாடியே சொல்லிட்டேன்."

"சரி" என்றார் அத்தை.

மகன் தண்ணீர் எடுக்கப் போனதும் என் பக்கம் திரும்பினார். "அங்க போயி நா இன்னா பண்றது டாக்டரம்மா? மூணாவது மாடி. எல்லாரும் கதவ சாத்திக்கினு கெடக்கறாங்க. யாருக்கு இன்னா குடுக்கிறது?"

இரண்டாவது பாட்டிலும் இறங்கி மாடு எழுந்த பிறகு நான் உட்கார்ந்து விசாரித்தேன். கறவை வற்றியிருந்த மாதங்களில் என்ன தீனி போட்டீர்கள் என்று கேட்டேன். அத்தைக்கு முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"ஒண்ணும் கொற வெக்கல. ரெண்டு வேளையும் மல்லாட்டக் கொடி போட்டேன். தெனமும் அகத்திக்கீர. கடையில கால்சியம் டானிக்கு வாங்கி ஊத்தினேன். சுண்ணாம்பத் தெளிய வெச்சி தொட்டித் தண்ணியில கலந்தேன். போன ஈத்துல லேசா தள்ளாடுச்சில்ல, அதான் இந்த வாட்டி முன்னாடியே ஏத்தி வெச்சிட்டேன்."

நிலக்கடலையைத்தான் அங்கே மல்லாட்டை என்பார்கள். அதன் கொடி, அகத்தி எல்லாமே கால்சியம். "சீம்பால்?" என்று கேட்டேன்.

"ஒரு சொட்டு வுடாம கறந்தேன். தெருவுக்கே குடுக்கணுமே."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் கன்று போட்டதும் கறக்கிற சீம்பாலை அக்கம்பக்கத்துக்குக் கொடுக்காமல் யாரும் இருக்க மாட்டார்கள். அத்தை மற்றவர்களைப் போல நாலு வீட்டோடு நிறுத்துகிறவரும் இல்லை.

"அத்தே, கோவிச்சிக்காம கேளுங்க. கால்சியம் பூராவும் எலும்புலதான் கெடக்குது. ரத்தத்துல ஓடறது துளியூண்டு. ஆனா அந்தத் துளி கம்மியானா கால் நிக்காது, கொஞ்ச நேரத்துல இதயமும் நிக்கும். அதனால கழுத்துல பயறு மாதிரி சின்னச் சின்னதா சுரப்பி இருக்கு. ரத்தத்துல கம்மியாகுதுன்னு தெரிஞ்ச உடனே அது எலும்புகிட்ட கேக்கும், எடுத்துக் குடுன்னு. சிறுநீரகத்துகிட்ட சொல்லும், வெளிய விடாதன்னு. குடல்கிட்ட சொல்லும், தீனியில இருக்கறத நல்லா உறிஞ்சுன்னு. கேக்கறதுதான் அதோட வேலையே."

"நல்ல வேலதான்."

"நீங்க என்ன பண்ணீங்க? அது கேக்கறதுக்கு முன்னாடியே கொட்டிட்டீங்க. ரத்தத்துல எப்பவும் தாராளமா இருந்துச்சி. அப்புறம் அது எதுக்குக் கேக்கணும்? படுத்துத் தூங்கிடுச்சி. கன்னு போட்டதும் மடியில பால் இறங்குது, ரத்தத்துல இருந்ததெல்லாம் பாலுக்குப் போகுது. இப்ப அவசரமா கேக்கணும். தூங்கினது முழிச்சி, கேட்டு, எலும்பு எடுத்துக் குடுக்க ரெண்டு மூணு நாள் ஆகும். அதுக்குள்ள நீங்க மடிய ஒட்டக் கறந்து தெருவுக்குக் குடுத்துட்டீங்க."

அத்தை மாட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப எம் புள்ளைக்கும் அதானா?"

"நான் மாட்டப் பத்தி மட்டுந்தான் படிச்சிருக்கேன்" என்றேன்.

உள்ளேயிருந்து மகன் குரல் கொடுத்தார். "யம்மா, துண்டு எங்க இருக்குது?"

அத்தை பதில் சொல்லவில்லை. நான் அறிந்தவரை அது முதல் தடவை. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன்; துணி உலர்த்தும் கொடியில், மகன் தலைக்கு மேலேயே துண்டு தொங்கியது.

அடுத்த சினைக்கு நான் சொன்ன வைத்தியம் சின்னது. கறவை வற்றிய பிறகு வைக்கோல், சோளத்தட்டை, அளவாகப் புண்ணாக்கு. மல்லாட்டைக் கொடி கூடாது, அகத்தி கூடாது, டானிக், சுண்ணாம்பு எதுவும் கூடாது. கன்று போடுகிற அன்று கால்சியம் நான் வந்து கொடுப்பேன். முதல் இரண்டு நாள் கன்று குடிப்பதோடு சரி, மிச்சத்தைக் கறக்கக் கூடாது. மாட்டுக்கு இதில் கஷ்டமே இல்லை. அத்தைக்குத்தான் கஷ்டம். சும்மா இருக்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்?

அந்தச் சினை நடந்துகொண்டிருந்தபோது வெள்ளிமலையில் தடுப்பூசி முகாம் போட்டிருந்தோம். மலை பஸ்ஸில் ஏறினால் அத்தை எனக்கு முன்னால் சீட்டுப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார், மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. மலை மாடுகள் இப்படி விழுவதில்லை என்று நான் எப்போதோ சொன்னேனாம். பார்த்துவிட வேண்டும் என்று வந்துவிட்டார். முகாமில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மலைக்காரப் பெண் ஒருவரிடம் நேராகப் போய்க் கேட்டார்.

"சென மாட்டுக்கு நீ இன்னாம்மா குடுப்ப?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. "என்னத்த குடுக்கறது? அதுவே போயி மேஞ்சிட்டு வரும். நான் கூடவே போயிட்டு வருவேன்."

திரும்பும்போது அத்தை ஜன்னல் வழியே மேய்கிற மாடுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். நாட்டு மாட்டுக்குப் பால் கம்மி, அதனால் கால்சியம் செலவும் கம்மி, அதையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது என்று நான் விளக்கிக்கொண்டே வந்தேன். அவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"ஒண்ணும் குடுக்கலன்னுது" என்றார் கடைசியில். "ஆனா கூடவே போவுதாம்."

கறவை வற்றிய மாதங்களில் நான் அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன். மல்லாட்டைக் கொடிப் போரை அப்படியே ஸ்டெல்லாவின் ஆடுகளுக்குத் தள்ளிவிட்டிருந்தார். கையில் இருந்தால் போட்டுவிடுவேன் என்று அவருக்கே தெரியும். மாடு அவரைப் பார்த்துக் கத்தும். அத்தை வீட்டுக்குள் போவார், வருவார், மறுபடி உள்ளே போவார். பிறகு கொட்டகையில் வெறுங்கையோடு போய் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பார். என்னைக் கண்டால் மட்டும், "பட்டினி போட்டு எங்க ரெண்டு பேரையும் கொல்றீங்க" என்பார். மோர் டம்ளர் அப்போதும் கையில் இருக்கும்.

ஒரு மத்தியானம் கன்று போட்டது. கிடாரி, பெண் கன்று. நான் முன்பே வந்து மாட்டுக்குக் கால்சியம் கொடுத்துவிட்டேன். கன்று வயிறு முட்டக் குடித்தது. மடியில் மிச்சம் இருந்ததை அத்தை தொடவில்லை.

சாயங்காலம் ஆனதும் தெருவில் ஒரு எதிர்பார்ப்பு. அத்தை வீட்டில் கன்று போட்டால் விளக்கு வைப்பதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் சீம்பால் போய்விடுவது வழக்கம். பிள்ளைகள் வந்து கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வாசலில் நின்று கேட்டே விட்டார்.

"இன்னா, இந்த வாட்டி சீம்பால் இல்லியா?"

"இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். பெரியவர் நம்பாமல் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அத்தை உள்ளே போய்ப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தே?"

"ஒண்ணுமில்ல. இல்லன்னு சொல்லிட்டேன்."

மாடு விழவில்லை. மறுநாளும் விழவில்லை. மூன்றாம் நாள் நான் போனபோது நின்றபடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. மகன் போன் செய்து, "நிக்குதா?" என்று கேட்டார். "நிக்குது" என்றார் அத்தை. அந்த ஒரு வார்த்தையில் இருந்த கர்வத்தை நான் அதற்கு முன்பு அவரிடம் கேட்டதில்லை.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில வாரங்கள் கழித்து, பாசி பிடித்திருந்த தொட்டியைக் கழுவும்போது அத்தை வழுக்கிக் கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலை நான் கன்றைப் பார்க்கப் போனேன். மடி கல்லாக இறுகி மாடு கத்திக்கொண்டிருந்தது. கன்று குடிக்கிற அளவுக்கா அதற்குப் பால்? அத்தை வலது கையைக் கழுத்திலிருந்து தொங்கிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு கொட்டகையில் நின்றார்.

"மாடு வுழல, நா வுழுந்துட்டேன். கறக்கக் கை இல்லன்னா ரெண்டும் ஒண்ணுதான்னு எம் புள்ள சொல்றான். ஞாயித்துக்கிழம வரானாம், கூப்டுகினு போவ. மாட்டுக்கு ஆளும் பாத்துட்டானாம்."

பிறகு வேறொன்று கேட்டார். "ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. கால்சியம் சரியாத்தான் இருக்குதாம். எலும்புதான் தேஞ்சிபோச்சாம். அது எப்படி டாக்டரம்மா?"

"ரத்தத்துல சரியாத்தான் இருக்கும் அத்தே. உடம்பு அத கம்மியாக விடாது. சாப்பாட்டுல வரலன்னா எலும்புலேர்ந்து எடுத்து எடுத்துக் குடுத்துகிட்டே இருக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. ஒருநாள் கைய ஊணினா ஒடியும். வயசான பொம்பளைங்களுக்கு இன்னும் சீக்கிரம். நீங்க பால் குடிச்சி எவ்ளோ நாளாச்சு?"

உண்மையாகவே யோசித்தார்.

"இவன் வயித்துல இருந்தப்ப குடிச்சேன்."

அந்த மகனுக்கே முன்தலையில் நரை வந்துவிட்டது. வருத்தம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். நல்லா இருக்கு என்று எரிந்து விழுந்துவிட்டு வாசலுக்கு வந்தேன். எதிர் வீட்டு வாசலில் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள்.

"நீ வந்து கறந்தா என்ன? பாத்துகிட்டு நிக்கற?"

"கறக்கமாட்டேன்னா சொல்றேன் டாக்டரம்மா? காலையிலயே போனேன். நீ போம்மா, உனக்கு வேல இருக்கும்னு முறுக்கு குடுத்து அனுப்பிடுச்சி. அப்பறமும் போனேன். அதே முறுக்குதான். அது வூட்டு மாட்டு மேல, அது சொல்லாம நா எப்படி கை வெக்கிறது? கேட்டா ஓடி வரமாட்டேனா? அத்த கேக்காது."

நான் திரும்ப உள்ளே போனேன். "ஸ்டெல்லாவக் கூப்புடுங்க அத்தே."

"வந்துச்சே."

"கறக்கச் சொன்னீங்களா?"

மாடு இன்னொரு முறை கத்தியது. அத்தை என்னைப் பார்த்த பார்வையில் பிடிவாதம் இல்லை, திகைப்புத்தான் இருந்தது.

"எப்படி டாக்டரம்மா கேக்கறது?"

"வாயத் தொறந்துதான்" என்றேன்.

வாசல்படிக்குப் போய் நின்றார். "ஸ்டெல்லா" என்று கூப்பிட்டார். ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தாள். அதற்கு மேல் அத்தைக்கு வரவில்லை. கால் தானாக உள்ளே திரும்பியது, முறுக்கு டப்பா இருக்கிற பக்கம். நான் அதற்குள் அந்த டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் மடியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். மறுபடி வாசலுக்குப் போனார்.

"ஸ்டெல்லா, மாடு கத்துது. எனக்குக் கை ஆவல. கொஞ்சம் வந்து கறந்து குடுக்கறியாம்மா?"

ஸ்டெல்லா செருப்புகூடப் போடாமல் ரோட்டைக் கடந்து வந்தாள். கன்றை அவிழ்த்துவிட்டு, பிறகு குந்தி உட்கார்ந்து கறந்தாள். செம்பு நிறைந்ததும் அடுப்பு மூட்டிக் காய்ச்சினாள். முதல் டம்ளரைக் கொண்டுவந்து அத்தையின் இடது கையில் கொடுத்தாள்.

"இது உங்களுக்கு அத்த. யாருக்கும் குடுக்கக் கூடாது."

அத்தை டம்ளரோடு என்னைப் பார்த்தார். நான் முறுக்கு டப்பாவை விடாமல், தலையை மட்டும் ஆட்டினேன். ஊதி ஊதிக் குடித்தார். மீசை மாதிரி ஏடு ஒட்டிய வாயோடு காலி டம்ளரை ஸ்டெல்லாவிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குதா?"

கட்டுப் பிரிக்கும்வரை இரண்டு வேளையும் ஸ்டெல்லாதான் கறந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்த மகன் தனியாகத்தான் ஓசூர் பஸ் ஏறினார்.